பன்னிரண்டு டம்ளர் பூர்ணசந்திரன்

தெரசா டீச்சருக்குத் தன்னைப் பற்றி மூன்று நல்ல அபிப்பிராயங்கள் இருந்தன. தனக்கு இங்கிலீஷ் வரும், தன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், தன்னை யாரும் ஏமாற்ற முடியாது. முதல் இரண்டும் ஓரளவு உண்மை. மூன்றாவதை, வத்தல்மலைப் பள்ளிக்கூடத்துக்கு அவள் வேலைக்கு வந்த எட்டாவது மாதம், ஒரு பால்மாவு டப்பா வந்து தீர்த்துவைத்தது. பிற்காலத்தில் இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் அவள் இப்படித்தான் ஆரம்பிப்பாள்: "படிச்ச முட்டாளு எப்படி இருப்பான்னு பாக்கணுமா? அதிகம் அலைய வேண்டாம், இங்கயே உக்காருங்க."

அது முப்பத்தெட்டாம் வருஷம். மலைமேல் மூங்கில் தட்டியும் புல்கூரையுமாக ஒரு பள்ளிக்கூடம், இருபத்துநாலு பிள்ளைகள், ஒரு டீச்சர். கூரையின் ஒரு மூலையில் தட்டி மறைத்து அவள் குடியிருப்பு. அவள் அப்பா இன்னாசி, கோவிலூர்ப் பக்கத்தில் வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார். "ஒரு வருஷம் பல்லக் கடிச்சிக்கிட்டு இரு, அப்புறம் கீழ மாத்திடுவாங்க" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார். தெரசாவும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். தன் படிப்புக்கும் இந்த இடத்துக்கும் பொருத்தமே இல்லை என்று தினமும் காலையில் ஒருமுறை நினைத்துக்கொள்வாள். பிள்ளைகளிடம் பிரியமாகத்தான் இருந்தாள். ஆனால் அந்தப் பிரியத்தில், நான் இங்கே இருக்க வேண்டியவளே இல்லை தெரியுமா என்கிற தொனி எப்போதும் கொஞ்சம் இருந்தது.

அப்படிப்பட்டவளிடம்தான் சென்னப்பன் வந்து சேர்ந்தார். அரூர்க்காரர். புளி மண்டி வைத்திருந்து, பிறகு சைக்கிள் விளக்கு விற்று, இப்போது பூர்ணசந்திரன் மார்க் பால்மாவு கம்பெனிக்கு ஏஜெண்ட். பின்னால் இரண்டு ஆட்கள் கம்பில் கட்டி ஒரு எடை மெஷினைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்தார்கள். இன்னொருவன் தலையில் டப்பாப் பெட்டி. சென்னப்பன் கையில் சுருட்டிய ஒரு பெரிய அட்டைப் படம். அதில் முழுநிலா மேல் ஒரு சீமைக் குழந்தை உட்கார்ந்திருந்தது. தொடையில் மட்டும் மூன்று மடிப்பு.

"நாலு மாசம் புள்ளைங்களுக்குப் பால் குடுத்து, முன்னயும் பின்னயும் எடை எடுத்துக் குடுங்க டீச்சரம்மா. எடை ஏறினா ஜில்லா போர்டுல முப்பது பள்ளிக்கூடத்துக்கு ஆர்டர் போடறேன்னு பிரசிடெண்டு வாக்குக் குடுத்திருக்காரு. ஆர்டர் வந்துச்சுன்னா கம்பெனிக்கு ஒரு லேடி பிரசாரகி வேணும். நான் உங்க பேரத்தான் எழுதி வெச்சிருக்கேன். மொரப்பூர்ல ரயில் ஏறினா இந்தப் பக்கம் ஜோலார்பேட்டை, அந்தப் பக்கம் சேலம். ரெண்டாங் கிளாஸ் பாஸுங்க."

ரெண்டாங் கிளாஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் தெரசா மனத்தால் ரயிலேறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். இருந்தாலும் உடனே சரி என்று சொன்னால் படித்தவளுக்கு அழகா? டிரெயினிங் ஸ்கூலில் ஒரு பத்திரிகையில் படித்திருந்ததை எடுத்துவிட்டாள். எல்லாப் பிள்ளைக்கும் பால் கொடுத்தால் எடை எதனால் ஏறியது என்று தெரியாது, பாதிப் பேருக்குக் கொடுத்துப் பாதிப் பேருக்குக் கொடுக்காமல் இருந்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் விஞ்ஞான முறை என்றாள்.

சென்னப்பன் முகம் கொஞ்சம் சுருங்கியது. "எதுக்குங்க அந்த வம்பு? எல்லாருக்கும் குடுத்துடலாம். நாலு மாசத்துல வளர்ற புள்ளைங்க எப்படியும் ஏறத்தானுங்களே செய்யும்."

இதில் அவர் தன் வியாபாரத்தின் முழு ரகசியத்தையும் சொல்லிவிட்டார். தெரசாவோ, பாவம் மண்டி வைத்திருந்தவர், இவருக்கு விஞ்ஞானம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்துக்கொண்டு இரக்கத்தோடு சிரித்தாள். அவள் பிடித்த பிடிதான் நின்றது. பன்னிரண்டு பேருக்குப் பால், பன்னிரண்டு பேருக்கு இல்லை.

மறுநாள் ஊரைக் கூட்டினார்கள். அந்த ஊரில் மாடு இருந்தது, பால் கறக்கும் வழக்கம் இல்லை. மாடு உழவுக்கும் எருவுக்கும். மடியில் இருப்பது கன்றுக்குட்டியின் சோறு, அதில் மனிதர் கைவைப்பது அவர்களுக்கு அசிங்கம். ஊர்ப் பெரியவர் நாகன் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இது எந்த மாட்டுப் பாலுங்க? அதோட கன்னு என்னத்தக் குடிக்கும்?"

"சீமை மாடுங்க. அங்க கன்னுக்கெல்லாம் தனி ஏற்பாடு இருக்குது" என்றார் சென்னப்பன்.

என்ன ஏற்பாடு என்று நாகன் கேட்பதற்குள் தெரசா எழுந்தாள். மெஷினைக் கண்டு பிள்ளைகள் மிரண்டிருந்ததால், முதலில் தானே ஏறி நின்று காட்டினாள். தொண்ணூற்றெட்டுப் பவுண்டு. சென்னப்பன் அதையும் தன் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு அவள் அட்டைப் படத்தின் கீழே எழுதியிருந்ததை உரக்கப் படித்தாள்: "ஒரு டம்ளர் பூர்ணசந்திரன், இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம்!" படித்ததோடு விட்டாளா? அவளுக்குத்தான் எதையும் விளக்காமல் இருக்க முடியாதே. "அதாவது, காலையில ஒரு வேளை, மத்தியானம் ஒரு வேளை" என்று விரலை மடக்கிக் காட்டினாள்.

கூட்டத்தில் கருப்பியின் அம்மா சின்னக்கா உட்கார்ந்திருந்தாள். கருப்பிக்கு எட்டு வயது, பால் குடிக்கும் பன்னிரண்டில் ஒருத்தி. "மெய்யாவாங்க டீச்சரம்மா? ரெண்டு வேளைக்குத் தாங்குமா?" என்று கேட்டாள்.

"நான் என்ன பொய்யா சொல்லப்போறேன், சின்னக்கா? அட்டையிலயே அச்சடிச்சுப் போட்டிருக்குது பாரு."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். தன் பேச்சு எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று தெரசாவுக்கு அன்று இரவு முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

ஆடி மாதம் ஆரம்பித்தார்கள். தினமும் காலையில் தெரசா வெந்நீரில் மாவைக் கரைத்துப் பன்னிரண்டு டம்ளர் ஊற்றுவாள். கரைக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்வாள், அவளுக்கே அந்த வாசனை ஆகாது. பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கும். முதல் இரண்டு வாரம் பாதிப் பேர் புதருக்கும் பள்ளிக்கூடத்துக்குமாக நடந்தார்கள். அரூருக்கு எழுதிக் கேட்டதற்கு, வயிறு சுத்தமாவது நல்ல அறிகுறி என்று சென்னப்பன் பதில் எழுதினார். தெரசா அதை நம்பி, ரிப்போர்ட்டில் "நல்ல அறிகுறிகள் தென்படுகின்றன" என்று அழகாக எழுதிவைத்தாள்.

மூன்றாம் நாளிலிருந்து இன்னொன்றும் நடந்தது. பால் குடிக்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து டீச்சருக்குச் சாப்பாடு வர ஆரம்பித்தது. காலையில் ராகிக்கூழ், மத்தியானம் களியும் அவரைக்காய்க் குழம்பும், சில நாள் சாமைச் சோறு. சுரைக்குடுக்கையில் தேன்கூட வந்தது. ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, பன்னிரண்டு வீடும். தெரசா அசந்துபோனாள். இத்தனை நாள் இந்த ஜனங்களுக்குத் தன் அருமை தெரியவில்லை, இப்போதுதான் கண் திறந்திருக்கிறது என்று முடிவு கட்டினாள். அப்பாவுக்கு ஒரு கடிதமும் எழுதினாள். அதில் "இங்கே என்னை மிகவும் மதிக்கிறார்கள்" என்ற வரி இரண்டு இடத்தில் இருந்தது.

பால் குடிக்கும் பிள்ளைகள் இப்போதெல்லாம் மத்தியானத்துக்குக் களி மூட்டை கொண்டுவருவதில்லை என்பதையும் அவள் கவனிக்காமல் இல்லை. கவனித்தாள். பால் வயிற்றை நிறைத்துவிட்டது, பசியே எடுக்கவில்லை என்று அதையும் ரிப்போர்ட்டில் சேர்த்தாள்.

பன்னிரண்டு வீட்டுச் சாப்பாட்டை ஒருத்தி எப்படித் தின்ன முடியும்? தன் வயிறு கொண்டமட்டும் சாப்பிட்டாள். அவள் வயிறும் மெள்ள மெள்ள நிறையக் கொள்ளப் பழகிக்கொண்டது. மீதியைப் பால் கிடைக்காத மற்ற பன்னிரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவர்கள் கொண்டுவந்ததோடு சேர்த்துச் சாப்பிடச் சொன்னாள். பாவம், இதுகளுக்குத்தான் பால் இல்லையே, இதாவது கிடைக்கட்டும். பால் குடித்த பன்னிரண்டு பேரும் அந்த நேரத்தில் வெளியே புங்கமரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். புரட்டாசியில் ஒருதடவை, ஐப்பசியில் ஒருதடவை தெரசா தன் ரவிக்கைத் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டாள். மலைக்காற்று உடம்புக்கு ஒத்துக்கொண்டது என்று நினைத்தாள்.

கார்த்திகையில் எடை பார்த்தாள். பால் குடிக்காத பிள்ளைகள் ஆளுக்கு ஐந்து பவுண்டு போல ஏறியிருந்தார்கள். பால் குடித்த பன்னிரண்டு பேரும் இறங்கியிருந்தார்கள். அதிலும் கருப்பி, நாற்பத்தொரு பவுண்டு இருந்தவள், முப்பத்தேழு. தெரசா மெஷினைத் தட்டிப் பார்த்தாள், பிள்ளைகளை மறுபடி ஏற்றினாள், மூன்றாவது முறையும் ஏற்றினாள். கருப்பி ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

தகவல் தெரிந்து சென்னப்பன் ஓடிவந்தார். தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பதறவே இல்லை.

"இதுல ஒண்ணும் கெட்டுப்போகலீங்க டீச்சரம்மா. எண்ணெல்லாம் நீங்க எடுத்ததுதான? ஒண்ணுலயும் கைவைக்க வேண்டாம். மேல இருக்கிற தலைப்ப மட்டும் மாத்திப் போடுங்க. 'பால் குடித்தவர்' அந்தப் பக்கம், 'குடிக்காதவர்' இந்தப் பக்கம்."

"அது பொய்யில்லீங்களா?"

"எண்ணு பொய்யின்னா பொய்யி. தலைப்பு இடம் மாறினா பொய்யாங்க?" அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "வர்ற சனிக்கிழம அரூர்ல கூட்டம். பிரசிடெண்டு, மெம்பருங்க எல்லாம் வர்றாங்க. நீங்க மேடையேறி இதப் படிக்கறீங்க. அன்னிக்கே ஆர்டரு. திங்கக்கிழமை உங்க கையில பாஸு."

தெரசா என்ன செய்தாள் என்று கேட்டால், பிற்காலத்தில் அவள் ஒளிக்க மாட்டாள். உட்கார்ந்து மாற்றி எழுதினாள். அதுவும் எப்படி, கோடு போட்டு, தலைப்புக்குச் சிவப்பு மை தொட்டு. "என் ஜென்மத்துல நான் எழுதினதுலயே லட்சணமான கையெழுத்து அதுதான்" என்பாள். உண்மையான தாளையும் கிழிக்கவில்லை. நேர்மையினால் இல்லை, மறுபக்கம் எழுதலாமே என்றுதான் பையில் மடித்து வைத்தாள்.

அந்த வாரம் கருப்பி பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. நாலு பவுண்டு இறங்கிய பிள்ளையை யாராவது பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டால் என்ன செய்வது என்று தெரசாவுக்கு உதறல். ஊரைவிட்டுப் போய்விட்டதாக எழுதிப் பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடலாமா என்று பார்க்கத்தான் சின்னக்கா வீட்டுக்குப் போனாள். பிள்ளையை நலம் விசாரிக்கப் போனேன் என்று ஒருநாளும் அவள் சொல்லிக்கொண்டதில்லை.

கருப்பி சுவரோரமாகப் படுத்திருந்தாள். டீச்சரைக் கண்டதும் எழ முயன்று, தலை சுற்றி, மறுபடி உட்கார்ந்துகொண்டாள். முழங்கை எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தினமும் பார்த்த பிள்ளைதான். தெரசா இதுவரை மெஷின் முள்ளைத்தான் பார்த்திருந்தாள்.

சின்னக்கா பாயை உதறிப் போட்டாள். "வாங்க டீச்சரம்மா. நீங்களே வந்தது நல்லதாப்போச்சு. கேக்கணும்னே இருந்தேன். இவளுக்கு மட்டும் பாலு பத்தலீங்களா? எந்திரிச்சா கிறுகிறுன்னு வருதுங்கறா. இன்னொரு அரை டம்ளரு சேத்து ஊத்த முடியுங்களா?"

"அவ என்ன சாப்பிடறா?"

"ராத்திரிக்குக் களி போடறமுங்க. காலைக்கும் மத்தியானத்துக்கும்தான் பாலு இருக்குதே."

தெரசாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் மூளை அவ்வளவு வேகம். "பாலு இருந்தா என்ன? கூழு குடுக்க வேண்டியதுதான?"

சின்னக்கா அவளை விநோதமாகப் பார்த்தாள். "அவ கூழுதானுங்களே உங்களுக்கு வருது?"

"எனக்கா?"

"ஆமாங்க. எங்க ஊருல ஒரு வூட்டுப் புள்ள இன்னொரு வூட்டுல சாப்புட்டுச்சுன்னா, அது பங்க அந்த வூட்டுக்குக் குடுத்துடுவோமுங்க. இல்லாட்டி புள்ள ஓசியில தின்ன மாதிரி ஆயிடும். நீங்க அவளுக்கு ரெண்டு வேளச் சாப்பாடு போட்டீங்க. அவ ரெண்டு வேளப் பங்கை நாங்க உங்களுக்கு அனுப்பினோம். பன்னெண்டு வூடும் பேசித்தானுங்க செஞ்சோம். ஒரு நாளு தவறல. சரியாத்தானுங்களே இருக்குது?"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"அதுலயும் நீங்க தனியாத் தின்னாம, பாலு இல்லாத புள்ளைங்களுக்கெல்லாம் பிரிச்சுப் போட்டீங்கன்னு சொன்னாங்க. நல்ல மனசுங்க உங்களுக்கு" என்றாள் சின்னக்கா.

இத்தனை வருஷத்தில் தெரசாவின் பேச்சை ஒரு சொல் விடாமல் நம்பியவர்கள் அந்தப் பன்னிரண்டு தாய்மார்கள்தான். அவள் அப்பா நம்ப மாட்டார், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் நம்ப மாட்டார், சென்னப்பன் தான் சொல்வதையே நம்பாதவர். இவர்கள் நம்பினார்கள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று என்று அவள் மடக்கிய விரலைக்கூட நம்பினார்கள். நாலு மாதம் கருப்பியின் வாய்க்குப் போகவேண்டியதைத் தான் தின்று, ஏப்பம் விட்டு, மிச்சத்தைத் தர்மமும் செய்திருக்கிறோம் என்று புரிந்தபோது அவளுக்கு அந்த மண்சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. விஞ்ஞான முறை! பன்னிரண்டு பேரின் சோற்றை எடுத்து மற்றப் பன்னிரண்டு பேருக்குப் போட்டால் யார் எடை ஏறும் என்று கண்டுபிடிக்க ஒரு மெஷின், ஒரு கம்பெனி, சிவப்பு மை.

"சின்னக்கா, நான் சொன்னது தப்புங்க" என்றாள். ஊர்ப் பெண்களிடம் அவள் 'ங்க' போட்டுப் பேசியது அன்றுதான் முதல்முறை. "பாலு சோத்துக்குச் சமம் இல்ல. இனிமே எனக்கு ஒண்ணும் அனுப்பாதீங்க. புள்ளைக்குப் போடுங்க. எல்லா வூட்டுலயும் சொல்லிடுங்க."

"அட்டையில இருந்துச்சுங்களே?"

"அட்டையும் தப்பு."

சின்னக்கா மகள் பக்கம் திரும்பி அவள் தலையைத் தடவினாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தெரசாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "அந்த அட்ட மத்த ஊரு பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போவுதுன்னு சொன்னாருங்களே அந்த ஏஜெண்டு. அங்கயும் இப்படித்தான செய்வாங்க. அவங்ககிட்டயும் சொல்லிடுங்க டீச்சரம்மா" என்றாள்.

சனிக்கிழமை தெரசா சின்னக்காவையும் கருப்பியையும் அழைத்துக்கொண்டு மலையிறங்கினாள். கருப்பியை நடக்க விடவில்லை, தானும் சின்னக்காவும் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். தூக்க முடிந்தது, அதுவும் அவளுக்கு உறுத்தியது. பஸ் பிடித்து அரூர் போய், முதலில் ஆஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டர் கண்ணையும் நாக்கையும் பார்த்துவிட்டு, "நோவு ஒண்ணும் இல்ல. சோறு போடுங்க" என்றார். மருந்து சீட்டுக்கூட எழுதவில்லை.

கூட்டம் நடந்த இடத்தில் தோரணம் கட்டியிருந்தது. மேடையில் பிரசிடெண்ட், இரண்டு பக்கமும் மெம்பர்கள். நிலாக் குழந்தை அட்டை நடுவில். எடை மெஷினைக்கூடத் துடைத்துப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் சென்னப்பன். பக்கத்துக் கொட்டகையில் விருந்துச் சாப்பாடு தயாராகிக்கொண்டிருந்தது. தாளிக்கும் வாசனை மேடைக்கு வர, மெம்பர்கள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தெரசாவைக் கூப்பிட்டார்கள். பைக்குள் கைவிட்டாள். முதலில் கைக்கு வந்தது சிவப்புத் தலைப்புத் தாள். எவ்வளவு அழகாக இருந்தது! இதைப் படித்தால் கைதட்டல், பாஸ், ஜன்னலோர இடம். படிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். மேடைக்குக் கீழே கருப்பி அம்மாவின் மடியில் தலைசாய்த்துக் கிடந்தாள். முப்பது பள்ளிக்கூடத்தில் ஒவ்வொன்றிலும் பத்துப் பேர் என்றாலும் முந்நூறு கருப்பி. தெரசா அந்தத் தாளை உள்ளே தள்ளிவிட்டு, கசங்கிய மற்றொன்றை எடுத்தாள். பால் குடித்தவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை பவுண்டு இறங்கினார்கள், குடிக்காதவர்கள் எத்தனை ஏறினார்கள் என்று படித்து முடித்தாள்.

பிரசிடெண்ட் நிமிர்ந்தார். "என்னய்யா இது, தலைகீழா இருக்குது?"

சென்னப்பன் ஒரே எட்டில் மேடையேறிவிட்டார். வியாபாரி வியாபாரிதான், முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "சின்னப் புள்ளைங்க பாருங்க, மெஷின்ல ஒழுங்கா நிக்காதுங்க. நெளியும், குதிக்கும், முள்ளு தப்பாக் காட்டும். பெரியவங்க நின்னாத்தான் சரியான எடை. இதோ டீச்சரம்மா இருக்காங்க. தினம் பாலக் கரச்சது இவங்க கைதான். நாலு மாசம் முன்ன தொண்ணூத்தெட்டுப் பவுண்டு, என் நோட்டுல இருக்குது. ஏறுங்க டீச்சரம்மா!"

மறுக்கவும் வழியில்லை. முந்நூறு கண்களுக்கு முன்னால் ஏறினாள். முள் போய்க்கொண்டே இருந்தது. நூற்றுப் பதின்மூன்று.

"பதினஞ்சு பவுண்டு!" என்று சென்னப்பன் கத்தினார். "கரண்டியில ஒட்டினதை வழிச்சதுக்கே பதினஞ்சு பவுண்டுன்னா பாத்துக்குங்க!"

கூட்டம் கைதட்டியது. விசில்கூடப் பறந்தது. ஒரு மெம்பர் அவளை மேலும் கீழும் பார்த்துத் தலையாட்டினார். தெரசாவுக்குக் காது மடல் கொதித்தது. இறங்கி ஓடிவிடலாமா என்று இருந்தது. ஆனால் மெஷின்மேல் நின்றபடியே பேசினாள்.

"நான் ஒரு சொட்டுக் குடிக்கலீங்க ஐயா. எனக்கு அந்த வாசனையே குமட்டும். இது பாலு இல்ல. ஒரு டம்ளரு ரெண்டு வேளச் சாப்பாட்டுக்குச் சமம்னு நான்தான் ஊரக் கூட்டிச் சொன்னேன். அந்தம்மாங்க நம்பிக்கிட்டு, புள்ளைங்களுக்குச் சோத்த நிறுத்தி, அந்தச் சோத்த எனக்கு அனுப்பிட்டாங்க. நான் ஏன் என்னான்னு கேக்காமத் தின்னுட்டேன். நான் தின்னு மிஞ்சினதத் தின்ன புள்ளைங்கதான் ஏறின புள்ளைங்க. என் மேல இருக்கிற பதினஞ்சு பவுண்டுல நாலு பவுண்டு அதோ, அந்தப் புள்ளயோடது. அவ பேரு கருப்பி. மிச்சம் யாருதுன்னும் சொல்றேன்."

பன்னிரண்டு பேரையும் பேர் பேராகப் படித்தாள். முதல் பேருக்குக் கூட்டம் சிரித்தது, இரண்டாவதற்கும் சிரித்தது. இப்படியொரு கேலிக்கூத்தை அவர்கள் பார்த்ததில்லை. ஐந்தாறு பேர் போனதும் சிரிப்பு குறைந்தது. கடைசிப் பேரைப் படிக்கும்போது கொட்டகையில் கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிரசிடெண்ட் சென்னப்பனைப் பார்த்தார். "ரெண்டு வேளச் சாப்பாட்டுக்குச் சமம்னு யாருய்யா சொன்னது?"

"அது கம்பெனி வாசகமுங்க."

"அப்ப உனக்கு இன்னிக்குச் சாப்பாடு வேண்டாமா? ஒரு டம்ளரு கலக்கிக் குடிச்சுக்கறியா?"

சென்னப்பன் கொட்டகைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிரசிடெண்டுக்கும் பசி. விஷயம் ஒத்திவைக்கப்படுகிறது என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டு எழுந்தார். எல்லோரும் விருந்துக்குப் போனார்கள். மேடையில் நிலாக் குழந்தையும் தெரசாவும் மட்டும் பாக்கி. அவளைச் சாப்பிட வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை. பாஸைப் பற்றியும் யாரும் பேசவில்லை. சென்னப்பன் மட்டும் போகிற போக்கில், "நல்லா இருங்க டீச்சரம்மா" என்றார். அதை அவர் சொன்ன விதத்தில் வாழ்த்து எதுவும் இல்லை.

வெளியே மரத்தடியில் சின்னக்கா மகளோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மேடையில் பேசியதில் பாதி அவளுக்குக் கேட்டது, எதற்காகச் சிரித்தார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. சேலை முந்தியில் முடிந்திருந்த களி உருண்டையை எடுத்து இரண்டாகப் பிட்டாள். ஒரு துண்டை மகளிடம் கொடுத்துவிட்டு, நாலு மாதப் பழக்கத்தில் மறு துண்டைத் தெரசாவிடம் நீட்டினாள்.

விடிவதற்கு முன் மலையிறங்கியதிலிருந்து தெரசா ஒன்றும் சாப்பிடவில்லை. நல்ல பசி. அந்தக் களியின் ருசி அவளைவிட யாருக்குத் தெரியும்? நாக்கில் எச்சில் ஊறியது. ஊறியதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாங்கி, அதையும் கருப்பியின் கையில் வைத்தாள்.

கருப்பி இரண்டு கையிலும் இரண்டு துண்டைப் பிடித்துக்கொண்டு டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, திருப்பிக் கேட்டுவிடுவாளோ என்று சற்றுத் தள்ளிப்போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு அவசரமாகத் தின்றாள்.